முதல் சீட்டில் உண்மையை எழுதுங்கள்

(கீழப்பழுவூர் மளிகை மொத்த வியாபாரி ஒருவரின் அனுபவக் கட்டுரை)



ஒரு மூட்டை கடலைப்பருப்பு நம் குடோனுக்குள் வந்தால் அதற்கு லாரி ரசீது உண்டு, பில் உண்டு, எடைச்சீட்டு உண்டு, இருப்புப் புத்தகத்தில் ஒரு வரி உண்டு. மூட்டை நனைந்தால் யாரிடம் கேட்பது, குறைந்தால் யார் கணக்கில் எழுதுவது என்பதெல்லாம் நமக்கு அத்துப்படி. அந்த மூட்டையைத் தோளில் சுமந்து வந்த லோடுமேன் வழுக்கி விழுந்தால் என்ன செய்வது, எந்தச் சீட்டை எங்கே வாங்குவது, செலவை யார் தருவது என்று கேட்டால் நம்மில் பலரும் விழிப்போம். நாமும் அப்படித்தான் விழித்தோம். விழித்ததோடு நில்லாமல் ஒரு பெரிய தவறும் செய்தோம். அதை மறைக்காமல் எழுதினால் மற்றவர்களாவது தப்பலாம் என்பதால் இந்தக் கட்டுரை.

திருச்சி - சிதம்பரம் சாலையும் அரியலூர் - தஞ்சாவூர் சாலையும் சந்திக்கும் நம் கீழப்பழுவூரில் முப்பத்தெட்டு ஆண்டுகளாக மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். சுற்றுவட்டாரக் கிராமங்களின் சில்லறைக் கடைகளுக்கு நம்மிடமிருந்து சரக்குப் போகிறது. கடையில் கணக்குப்பிள்ளை ஒருவர், எடை போட ஒருவர், லோடுமேன்கள் மூன்று பேர். இதற்கு மேல் ஆள் வைத்ததில்லை.

அன்று இரவு நடந்தது

2022 அக்டோபர். தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. விருதுநகரிலிருந்து வரவேண்டிய பருப்பு லோடு தாமதமாகி இரவு ஒன்பது மணிக்குத்தான் கடை வாசலுக்கு வந்தது. தூறல் வேறு. விடிந்தால் கடைகளுக்குச் சரக்கு அனுப்ப வேண்டும் என்ற அவசரத்தில், ஈரப் பலகையைப் போட்டு இறக்கச் சொன்னோம். பதினான்கு ஆண்டுகளாக நம்மிடம் வேலை செய்யும் லோடுமேன், ஐம்பது கிலோ மூட்டையோடு அந்தப் பலகையில் வழுக்கிக் கீழே விழுந்தார். மூட்டை அவருடைய வலது தொடை மேல் விழுந்தது. அவருக்கு அப்போது வயது 40.

முதல் தவறு அங்கேயே நடந்தது. 108க்குக் கூப்பிடாமல், நான்கு பேர் கைகால் பிடித்து அவரை நம் சரக்கு ஆட்டோவில் ஏற்றினோம். தொடை எலும்பு முறிந்தால் வெளியே ஒரு சொட்டுத் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் இரத்தம் கசியக்கூடும் என்றும், காலை அசையாமல் கட்டிய பிறகே தூக்க வேண்டும் என்றும் டாக்டர் பிறகு சொல்லித்தான் தெரிந்தது. அவர் பிழைத்தது அவருடைய நல்ல காலம்.

இரண்டாவது தவறு மருத்துவமனை மேசையில் நடந்தது. பணியில் இருந்த நர்ஸ் அம்மா, "எப்படி அடிபட்டது?" என்று கேட்டார். கணக்குப்பிள்ளை நம் முகத்தைப் பார்த்தார். போலீஸ் வருமோ, தொழிலாளர் துறை இன்ஸ்பெக்டர் வருவாரோ, தீபாவளி வியாபாரம் போகுமோ என்று ஒரு நொடியில் ஆயிரம் எண்ணம். "வீட்டில் குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்துட்டாருங்க" என்று சொல்லிவிட்டோம். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். ஸ்ட்ரெச்சரில் கிடந்த லோடுமேனிடமும் கேட்டார். அவர் நம்மைப் பார்த்தார். பிறகு, "ஆமாங்க, வீட்டிலதான்" என்றார்.

அந்த ஒரு வரி என்ன விலை என்பது ஐந்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

கார்டு இருந்தும் காசு கட்டிய கதை

அறுவை செய்து தொடையில் பிளேட் வைத்தார்கள். மொத்தச் செலவு 1,86,000 ரூபாய். நாம் ஒரு லட்சம் கொடுத்தோம். மீதி 86,000 ரூபாயை அவர் மனைவி வட்டிக்கு வாங்கிக் கட்டினார். நான்காம் நாள் அந்தம்மா பையிலிருந்து ஒரு கார்டை எடுத்துக் காட்டி, "முதலாளி, இது செல்லுமான்னு பாருங்க" என்றார். அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கார்டு!

இந்தத் திட்டத்தைப் பற்றி நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரி முதல் இன்றைய பெயரில் நடந்து, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடும் இணைக்கப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள், கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிந்துகொள்கிறார்கள்.

அதன் நடைமுறையை நாம் அறிந்திருக்கவில்லை. இது காசைத் திருப்பித் தரும் திட்டம் அல்ல. அறுவைக்கு முன்பே மருத்துவமனை விவரம் அனுப்பி அனுமதி வாங்க வேண்டும். காசு கட்டி அறுவை முடிந்த பிறகு கார்டை நீட்டினால் பயன் இல்லை. இன்னொன்று, ஒரு மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறது என்பதாலேயே எல்லா நோய்க்கும் அங்கே பார்க்க முடியும் என்று பொருள் இல்லை. எலும்புப் பிரிவுக்கு அனுமதி உண்டா, கண்ணுக்கு மட்டும்தானா என்று கேட்க வேண்டும். ஆகவே உள்ளே நுழைந்ததும் முதல் கேள்வி "எவ்வளவு அட்வான்ஸ்?" என்பதாக இருக்கக்கூடாது. "காப்பீட்டு மேசை எங்கே? இந்தச் சிகிச்சைக்கு இங்கே அனுமதி உண்டா?" என்பதாக இருக்க வேண்டும். நம் மாவட்டத்திலேயே 2022 ஜனவரியில் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. இந்தப் பக்கம் திருச்சியிலும் அந்தப் பக்கம் தஞ்சாவூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. பதற்றத்தில் நமக்கு இவை எதுவும் நினைவுக்கு வரவில்லை.

பெட்டியில் தூங்கிய பாலிசி

ஆறு மாதம் ஆகியும் அவரால் பழையபடி நடக்க முடியவில்லை. வலது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. மூட்டை தூக்கும் வேலை இனி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாம் வாரம் ஆயிரம் ரூபாய் கொடுத்துவந்தோம். அதைத் தர்மம் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தோம் என்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

வேறொரு வேலையாக அரியலூர் நீதிமன்றம் பக்கம் போனபோது, தெரிந்த வக்கீல் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "கடைக்கு என்ன பாலிசி வைத்திருக்கிறீர்கள்?" என்பதுதான்.

வங்கியில் ஓவர் டிராஃப்ட் வாங்கிய காலத்திலிருந்து கடைக்காரர்களுக்கான தொகுப்புப் பாலிசி ஒன்றுக்கு ஆண்டுதோறும் பிரீமியம் கட்டி வருகிறோம். தீ, திருட்டு இரண்டுக்கும்தான் அது என்று நினைத்திருந்தோம். வீட்டுக்கு வந்து இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்துக் கணக்குப்பிள்ளையை விட்டு வரி வரியாகப் படிக்கச் சொன்னோம். பல பிரிவுகளில் ஒன்று, கடைப் பணியாளர்களுக்கு வேலையில் காயம் ஏற்பட்டால் முதலாளி தரவேண்டிய சட்டப்படியான இழப்பீட்டை ஏற்பது! ஆண்டுதோறும் அதற்கும் சேர்த்துத்தான் காசு கட்டியிருக்கிறோம்.

உடனே மனு எழுதினோம். காப்பீட்டு நிறுவனம் விபத்துப் பதிவேட்டின் நகல் கேட்டது. "ஏ.ஆர். காப்பி" என்று மருத்துவமனையில் சொல்லும் அந்தத் தாளில் இருந்தது என்ன? "வீட்டில் வழுக்கி விழுந்தது." ஐந்து மாதம் தகவல் தராதது ஒரு பக்கம், வீட்டில் நடந்த விபத்து என்று நாமே சொன்ன சொல் ஒரு பக்கம். மனு தள்ளுபடி. அவர்கள் மேல் குறை சொல்ல நமக்கு வாயில்லை. வக்கீல் சொன்னார்: "ஐயா, பிறகு நீங்கள் எத்தனை பத்திரம் எழுதிக் கொடுத்தாலும் முதல் தாள்தான் முதலில் பேசும்."

சட்டம் சொல்லும் கணக்கு

இங்கே ஒரு செய்தியை வணிகர்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். வேலையின்போது அடிபட்டவருக்கு முதலாளி தருவது தர்மம் அல்ல, கடன். அதற்காக 1923லேயே வெள்ளைக்காரன் காலத்தில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்துவிட்டது. இப்போது அது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் அந்தத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. இழப்பீட்டுக் கணக்கின் அடிப்படை பழையதுதான். வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலும், வேலை முடிந்து திரும்பும் வழியிலும் நேரும் விபத்தையும், அது வேலையோடு தொடர்புடையதாக இருந்தால், வேலையில் நேர்ந்ததாகக் கொள்ளும் விதி புதிய தொகுப்பில் தெளிவாக வந்துள்ளது.

"நம்மிடம் மூன்று பேர்தானே, நமக்கு எங்கே சட்டம்?" என்று கேட்பவர்கள் உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் இ.எஸ்.ஐ. வரும் என்பது வேறு. இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில், மோட்டார் வாகனத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையில் இருப்பவர் என்று தனியாகவே குறிப்பிட்டிருந்தது. அதற்கு ஆள் எண்ணிக்கை கிடையாது. லாரி வராத மளிகைக் கடை எது?

கணக்கு இப்படி. நிரந்தரமாக முழு ஊனம் ஆனால் மாதக் கூலியில் 60 சதவீதத்தை, வயதுக்கு ஏற்ற ஒரு காரணி எண்ணால் பெருக்க வேண்டும். இறந்துவிட்டால் 50 சதவீதம். 2020 ஜனவரி 3 அறிவிப்பின்படி மாதக் கூலி 15,000 ரூபாய் வரை கணக்கில் எடுக்கப்படும். வயது குறையக் குறைய எண் கூடும். 30 வயதுக்கு 207.98, 40 வயதுக்கு 184.17, 50 வயதுக்கு 153.09. நம் லோடுமேனுக்கு நாள் கூலி 600, மாதம் 25 நாள், ஆக 15,000. அதில் 60 சதவீதம் 9,000. அதை 184.17ஆல் பெருக்கினால் 16,57,530 ரூபாய். இது முழு ஊனத்துக்கு. அவருக்கு உழைத்துச் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீதம் இழப்பு என்று டாக்டர் சான்று கொடுத்தார். அதன்படி 4,97,259 ரூபாய். மருத்துவச் செலவு முழுவதும் இதற்கு மேல் தனி.

ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி. காரணமில்லாமல் இழுத்தடித்தால் தொகையில் பாதி வரை அபராதமும் உண்டு. அந்த அபராதத்தை எந்தப் பாலிசியும் தாங்காது. குடித்திருந்தார், சொன்ன பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினார் என்பவை முதலாளி சொல்லக்கூடிய வாதங்கள். ஆனால் இறந்துபோனாலும் நிரந்தர முழு ஊனம் ஆனாலும் அந்த வாதங்கள் எடுபடாது. ஈரப் பலகையில் இறக்கச் சொன்னதே நாம்தான் என்பதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

வக்கீலோடு லோடுமேன் வீட்டுக்குப் போனோம். கணக்கைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. "முதலாளி, நீங்க சொன்னதையேதானே நானும் அன்னிக்குச் சொன்னேன். இப்ப எதுக்கு?" என்றார். அவர் வாயிலிருந்து ஒரு குறைச்சொல் வந்திருந்தால்கூட நமக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. வலியில் துடித்துக் கிடந்தவர், நம் மானத்துக்காகத் தன் உரிமையை விட்டுக்கொடுத்து ஒரு பொய் சொல்லியிருக்கிறார். நாமோ அதை அவர் விசுவாசம் என்று எடுத்துக்கொண்டு வாரம் ஆயிரத்தில் தீர்த்துவிடப் பார்த்தோம்.

விபத்து கடையில்தான் நடந்தது என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தோம். முதலாளியே ஒப்புக்கொண்டதால் அவர் நம்மிடம் வாங்கத் தடையில்லை. நாம் காப்பீட்டில் வாங்கத்தான் தடை. தொகையைக் கையில் கொடுத்து வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்காமல், ஒப்பந்தம் எழுதி இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும் என்றார் வக்கீல். தொழிலாளர் துறை வழியாக அப்படியே செய்தோம். இழப்பீடு 4,97,259, வட்டிக்கு வாங்கிக் கட்டிய 86,000, ஆக 5,83,259 ரூபாய். தாமதத்துக்கான வட்டி தனி. முதலில் கொடுத்த ஒரு லட்சத்தையும் சேர்த்தால் ஏழு லட்சத்தை நெருங்குகிறது. அதில் பெரும்பகுதியைப் பாலிசி ஏற்றிருக்க வேண்டியது. ஒரு வரிப் பொய்க்கு நாம் கொடுத்த விலை அது.

போலீஸ் பயத்தைப் பற்றியும் ஒரு சொல். கடையில் அடிபட்டது என்று எழுதினால் மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போவது வழக்கம். தகவல் போவது வேறு, வழக்குப் போடுவது வேறு. வந்து கேட்பவரிடம் நடந்ததைச் சொன்னால் போதும். மறைத்தால்தான் சந்தேகம்.

சாலையில் அடிபட்டால்

நம் பகுதியில் இதைச் சொல்லாமல் விட முடியாது. சுண்ணாம்புக்கல் டிப்பர்களும் சிமென்ட் லாரிகளும் இரவு பகலாக ஓடும் சாலைகள் இவை. சரக்குப் போடவும் வசூலுக்கும் நாமும் நம் பையன்களும் டி.வி.எஸ். மொபெட்டில் அதே சாலையில்தான் போகிறோம்.

சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கென்றே 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கப்பட்டது. காப்பீட்டுக் கார்டு இருக்கிறதா, எந்த ஊர், எந்த மாநிலம் என்ற கேள்வி இல்லை. தொடங்கியபோது ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, 81 வகைச் சிகிச்சைகளுக்கு என்று வைத்தார்கள். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. மத்திய அரசும் 2025 மே 5 அன்று, விபத்து நடந்து ஏழு நாள் வரை 1,50,000 ரூபாய் அளவுக்குக் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை அறிவிக்கை செய்தது.

அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கிச் சென்றால் சாட்சிக்கு அலையவேண்டும் என்று ஒதுங்குகிறோம். உச்ச நீதிமன்றம் 2016இலேயே உதவி செய்பவர்களுக்குப் பாதுகாப்புத் தந்துவிட்டது. பிறகு 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அது சேர்ந்தது. பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது.

பிறகு வருவது இழப்பீடு. முதல் தகவல் அறிக்கையின் நகல், ஏ.ஆர். காப்பி, காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, ஒவ்வொரு மருந்து பில், எக்ஸ்ரே படம் ஆகிய எல்லாம் ஒரே பையில் இருக்க வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யச் சொல்கிறது. ஆகவே தள்ளிப்போடக் கூடாது. மோதிய வண்டி தெரியாமல் ஓடிவிட்டால் ஒன்றும் கிடைக்காது என்று விட்டுவிடுகிறார்கள். அதற்கும் வழி உண்டு. அதே 2022 ஏப்ரல் முதல், இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் என்று தொகை உயர்த்தப்பட்டது. வக்கீல் வைக்க வசதி இல்லாத தொழிலாளர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம்.

இனி வியாபாரிகளுக்கு உறைக்கும் ஒரு செய்தி. அடிபட்டது நாமாக இருந்தால், தீர்ப்பாயம் நம் வருமானத்தை எதை வைத்துக் கணக்கிடும்? கல்லாவில் புரளும் பணத்தை வைத்து அல்ல. வருமான வரிக் கணக்கில் நாம் காட்டிய தொகையை வைத்து. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019இல் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. வரியைக் குறைக்க வருமானத்தைக் குறைத்து எழுதியவர், தன் காலுக்கும் கைக்கும் தானே குறைந்த விலை எழுதிக்கொள்கிறார்.

நமக்கு நாமே செய்யவேண்டியவை

மருத்துவக் காப்பீடு எடுத்தவர்கள் அறை வாடகை வரம்பைப் பாருங்கள். வரம்புக்கு மேல் வாடகையுள்ள அறையில் படுத்தால், பல பாலிசிகளில் வாடகை வித்தியாசம் மட்டுமல்ல, டாக்டர் கட்டணம் உட்பட மற்றச் செலவுகளையும் அதே விகிதத்தில் குறைத்துத்தான் தருவார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மற்றும் குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே "வரி அதிகம்" என்ற சாக்கும் இல்லை. நியாயமில்லாமல் மறுத்தால், நிறுவனத்துக்கு எழுதி ஒரு மாதம் பார்த்துவிட்டு, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் புகார் செய்யலாம். மறுப்பு வந்து ஓராண்டுக்குள் செய்ய வேண்டும்.

வங்கியில் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டம் 2015 மே மாதம் தொடங்கியது. ஆண்டுக்கு 12 ரூபாயாக இருந்து 2022 ஜூன் முதல் 20 ரூபாய் ஆனது. 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் இறந்தால் 2 லட்சம், ஒரு கையோ காலோ கண்ணோ அடியோடு போனால் ஒரு லட்சம். எலும்பு முறிவுச் செலவுக்கு இது வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆண்டுக் கணக்கு ஜூன் 1 முதல் மே 31 வரை. மே கடைசியில் கணக்கில் அந்த 20 ரூபாய் இல்லாமல் பாதுகாப்பு அறுந்துபோனவர்கள் எத்தனை பேர்!

இருசக்கர வண்டியில் இன்னொரு பள்ளம் உண்டு. ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துப் பாதுகாப்பு 2019 முதல் தனியாகவும் எடுக்கும்படி பிரிக்கப்பட்டது. புது வண்டி வாங்கும்போது எதிராளிக்கான காப்பீடு ஐந்து ஆண்டுக்குப் போட்டுவிடுகிறார்கள். உரிமையாளருக்கான பாதுகாப்பு பல வண்டிகளில் முதல் ஆண்டுக்கு மட்டுமே இருக்கும். "ஐந்து வருஷம் இன்சூரன்ஸ் இருக்கிறது" என்று நாம் நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருப்போம். ஆர்.சி. புத்தகத்தோடு இருக்கும் அந்தத் தாளைப் பிரித்துத் தேதியைப் பாருங்கள். ஓட்டுநர் உரிமம் காலாவதியானால் அதுவும் பயன்படாது.

1989இல் அமைந்த தமிழ்நாடு வணிகர் நல வாரியத்தில் சேராதவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்குத் தரும் நிதி 2022இல் ஒரு லட்சத்திலிருந்து மூன்று லட்சமாக உயர்த்தப்பட்டது. 2025 மே 5 வணிகர் தினத்தன்று ஐந்து லட்சம் என்று அறிவித்தார்கள். கேட்டு வாங்க வேண்டுமானால் முதலில் அட்டை வேண்டும். லோடுமேன்களை உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்ய அழைத்துப் போவதும் நம் வேலைதான். நாமே போகச் சொன்னால்தான் அவர்கள் ஒரு நாள் கூலியை விட்டுப் போவார்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கான பல சலுகைகளுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் வேண்டும். நம் லோடுமேனுக்கு அந்த அளவு வரவில்லை. சம்பாத்திய இழப்புச் சதவீதமும் ஊனச் சதவீதமும் வேறு வேறு என்பதே நமக்கு அப்போதுதான் தெரிந்தது. சான்று வாங்கும்போது எதற்கான சான்று என்று கேட்டு வாங்குங்கள்.

நம் கடையில் இப்போது

இப்போது நம் கடையில் சில வழக்கங்களை வைத்திருக்கிறோம். எல்லாக் கடைக்கும் பொருந்தும் என்பதால் எழுதுகிறோம்.

1. மழையில் பலகை போட்டு இறக்குவதில்லை. சாக்கு விரித்த பிறகுதான் இறக்குவது. இருட்டில் விளக்கு இல்லாமல் இறக்குவதில்லை.

2. ஒவ்வொரு பணியாளருக்கும் ஒரு கவர். அதில் ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டுக் கார்டு, வாரிய அட்டை ஆகியவற்றின் நகல்.

3. கூலிப் பதிவேடு தினமும் எழுதிக் கையெழுத்து. கூலிக்கு அதுவே சாட்சி.

4. பணியாளர் இழப்பீட்டுக்குத் தனிப் பாலிசி. மருத்துவச் செலவையும் சேர்க்கும்படி கேட்டு எடுத்தோம். கேட்காவிட்டால் சேராது.

5. எந்தப் பாலிசிக்கும் தகவல் அன்றே, எழுத்தில். தகவல் எண்ணைக் குறித்து வைப்பது.

6. அடிபட்டால் 108. நம் வண்டியில் தூக்கிப் போடுவதில்லை.

7. "எப்படி அடிபட்டது?" என்று கேட்டால் நடந்தது நடந்தபடி. எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது.

நம் லோடுமேன் கடனை அடைத்துவிட்டு, மீதியை மகள் பெயரில் அஞ்சலகத்தில் போட்டிருக்கிறார். இப்போது நம் கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சிட்டை எழுதுகிறார். லாரி வந்தால் எழுந்து போய்ப் பலகையை ஒரு முறை காலால் தட்டிப் பார்த்துவிட்டு வருகிறார். நாம் சொல்லி அவர் செய்வதில்லை.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மாதக் கூட்டத்தில் வரி, உரிமம், எடைக்கல் முத்திரை பற்றியெல்லாம் பேசுகிறோம். ஆண்டுக்கு ஒரு முறை, மே மாதக் கூட்டத்தில், இந்தத் தாள்களைப் பற்றியும் அரைமணி நேரம் பேசலாம். வங்கிக் கணக்கில் 20 ரூபாய் இருக்கிறதா, வாரிய அட்டை புதுப்பித்தாயிற்றா, பாலிசி எந்தத் தேதி வரை என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டால் போதும்.

இன்று இரவு கடை அடைத்ததும் பெட்டியிலிருக்கும் பாலிசியை எடுத்து வெளிச்சத்தில் வைத்து முழுவதும் படியுங்கள். ஆங்கிலத்தில் இருக்கிறது என்றால் படிக்கும் பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நாம் ஐந்து மாதம் கழித்துப் படித்தோம். நீங்கள் முன்னாலேயே படியுங்கள்.